வாத்து வேட்டைக்கு வெள்ளைத் துணி

லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு துணிக்கடை. நாளை கனடாவுக்கு விமானம் ஏறுகிறேன், வசந்தகாலப் பனிவாத்து வேட்டைக்கு. அங்கே பனி மூடிய வயலில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். நான்கு மீட்டர் வெள்ளைப் பருத்தி கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். "ஆர் பிள்ளை மோசம் போனது?"

"யாரும் சாகல அண்ணே. வாத்து சுடப் போறேன், பனியில மறைஞ்சு படுக்கத்தான் இந்தத் துணி."

கத்தரிக்கோல் பாதியில் நிற்கிறது. "படிச்ச பிள்ளை போலக் கிடக்கு. குருவி பிடிக்கிறவையின்ரை வேலை உங்களுக்கு ஏன்?"

எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. "எங்கப்பா ஏரியில கண்ணி வெச்சுக் குருவி பிடிச்சுதான் என்னைப் படிக்க வெச்சார். எங்க குடும்பத்துல பள்ளிக்கூடம் போன முதல் ஆளு நான். இதுல என்ன குறை கண்டீங்க?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை, தங்கச்சி."

"அப்படித்தான் சொன்னீங்க."

இந்த வாத்துகள் பெருகி வடக்கே புல்வெளியை அழிப்பதால் அரசே சுட அனுமதிக்கிறது என்று விளக்கலாம். விளக்க மனமில்லை. அப்பாவின் தொழிலுக்கு நான் ஏன் சமாதானம் சொல்ல வேண்டும்?

அவர் மீதியையும் வெட்டி, துணியை மடித்துப் பைக்குள் வைக்கிறார்.

"புதுத் துணிக்கு மஞ்சள் வைக்க மாட்டீங்களா?"

"வெள்ளையில மஞ்சள் பட்டால் வாத்துக்குத் தெரியாதோ?"

"உள்பக்கம் வைங்க அண்ணே. இது சாவுத் துணி இல்ல."