பிரேக்கிலிருந்து கால் எடுத்த ஞாயிறு

என் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. "நான்காம் சுற்று. நேர்ப்பாதை முடிவில் பெடல் தரை வரை போனது." தெருவிளக்கு மாற்றிய நாளைக்கூட அரைப் பக்கத்துக்கு எழுதுகிறவன் நான். அன்று அதோடு நோட்டை மூடிவிட்டேன்.

சென்னைக்கு அப்பால் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சில வார இறுதிகளில் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களும் சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கலாம். யாரோடும் போட்டி கிடையாது. இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். அந்த இருபது நிமிடத்தை ஒரு முறையாவது முழுதாக ஓட்டிவிட வேண்டும் என்று போயிருந்தேன். நான்காம் சுற்றில், வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பஞ்சுக்குள் போவது போலக் கால் உள்ளே போனது. கார் வளைவில் திரும்பாமல் நேரே மண்ணுக்குள் இறங்கி நின்றது. எனக்கு அடியில்லை, காருக்கும் கீறல் இல்லை.

ஆனால் அந்தக் காரில் பாதி என் அக்காவுடையது. கடலோரம் குருசுக்குப்பத்தில் ஒரே வீட்டில் அவள் மாடியிலும் நான் கீழேயும் இருக்கிறோம். வார நாட்களில் அவள்தான் அதில் வேலைக்குப் போகிறாள். நான் வீடு வந்து சேர்ந்ததும் சக்கரங்களில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"என்னடா, ரேஸ் ஓட்டப் போனியா, ஏர் ஓட்டப் போனியா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"பிரேக் புடிக்காத காருலதான் திங்கக்கெழம நான் போவணுமா?"

"இப்ப புடிக்குதுக்கா. சூடு ஆறனதும் சரியாயிடுச்சு."

"மொதல்ல மெக்கானிக் கிட்ட காட்டு. அப்புறம் ஒரே ஒரு வாட்டி போ, நானும் வரேன். டயர்ல துளி மண்ணு இருந்தாலும் அதோட ட்ராக்க மறந்துடணும். சரியா?"

சரி என்றேன். அந்த ஒரு வாய்ப்பை வீணாக்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். நான் காரை உழவர்கரைக்கு ஓட்டிப் போனேன். அங்கே எங்கள் மெக்கானிக் பழைய பிரேக் ஆயிலைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் இறக்கிக் காட்டினார். கறுத்துப்போயிருந்தது.

"எப்ப சார் மாத்துனீங்க?"

நோட்டை விரித்துத் தேதியைச் சொன்னேன். ஆயில் டப்பா வாங்கிய தேதியும் இருந்தது.

"அப்புறம் மேல ஊத்துனீங்களா?"

"கொறையறப்பல்லாம். மிச்சம் இருந்த டப்பாலேர்ந்து."

"அந்த டப்பாவ எப்ப ஒடச்சீங்க?"

பக்கங்களைப் புரட்டினேன். அது மட்டும் இல்லை.

"எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்ல, மாடிப்படிக்குக் கீழ."

"குருசுக்குப்பத்துலயா? ஏன் சார், அங்க கடக்காத்துல உப்பு ஜாடியே தண்ணி உடும். பிரேக் ஆயிலு அதவிட ஈரத்த இழுக்கும்."

ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் உள்ளே குமிழி கட்டும் என்று அவர் விளக்கினார். குமிழி இருந்தால் பெடல் அமுங்குமே தவிர அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. நான்கு சக்கரத்துக்கும் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, அதிகச் சூட்டைத் தாங்கும் புது ஆயிலை நிரப்பினார். பிரேக் பேடுகளையும் மாற்றினார். கழற்றிய பேடுகள் கண்ணாடி போல மினுங்கின.

"எப்பவும் லேசா தேச்சுக்கினே ஓட்றீங்க சார். பொருள நான் மாத்திட்டேன். காலு உங்களுது."

அதை நான் நம்பவில்லை. அன்று மாலை அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து நேரு வீதி நெடுக ஓட்டினேன். அவள் சாலையைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு எடத்துலயும் உன் காலு பிரேக்க உட்டு எறங்கலடா."

"சந்துக்குச் சந்து ஸ்கூட்டி வருதேக்கா. இந்த ஊர்ல எல்லாரும் இப்டித்தான் ஓட்றாங்க."

"ட்ராக்லயும் ஸ்கூட்டி வருதா?"

தடத்தில் ஓட்டியதை நினைத்துப் பார்த்தேன். நேர்ப்பாதையில் பாதி தூரத்திலேயே நான் பிரேக்கைத் தொட ஆரம்பித்து, வளைவு வரை மெல்ல அழுத்திக்கொண்டே போயிருக்கிறேன். நான்கு வீட்டுக்கு ஒரு குறுக்குத்தெரு வரும் ஊரில் பழகிய கால் வேறு என்ன செய்யும்? ஆயில் கெட்டிருந்தது உண்மைதான். அதைக் கொதிக்கவைத்தது இந்தக் கால்.

அடுத்து வந்த மூன்று வாரமும், காலையில், ஊருக்கு வெளியே பின்னால் வண்டி வராத சாலையில் பழகினேன். மிதித்தால் அழுத்தமாக, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். எடுத்தால் முழுதாக. எத்தனை முறை தவறினேன் என்று தினமும் எழுதி வைத்தேன். மூன்றாம் வாரத்தில் தவறு இல்லாத நாள் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

ட்ராக்கில் இடம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைக்கான பூசையை அக்கா சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பார்த்துவிட்டாள். விடியலில் கிளம்பிப் போனோம். அவள் வேலியோரம் நிழலில் நின்றுகொண்டாள்.

முதல் சுற்றை மெதுவாகப் போனேன். பிறகு வேகம் எடுத்தேன். நேர்ப்பாதையில் கால் தானாகப் பிரேக்கைத் தேடி எழும்பியது. இன்னும் இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். அடையாளத்துக்கு வைத்திருந்த பலகை வந்ததும் ஓங்கி மிதித்து, விட்டேன். பெடல் கல் மாதிரி நின்றது. நான்காம் சுற்றும் அப்படியே முடிந்தது.

ஏழாவதில் கருகும் வாடை வந்தது. ஒரு சிவப்புக் கார் அப்போதுதான் என்னை முந்தியிருந்தது. துரத்த வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசை. துரத்தவில்லை. ஓரமாக ஒதுங்கி, அந்தச் சுற்று முழுவதும் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் குறைத்துக் காற்றில் ஆறவிட்டேன். எல்லோரும் தாண்டிப் போனார்கள். வேலியோரம் அக்கா இரண்டு கையையும் விரித்து என்னவென்று கேட்பது தெரிந்தது. மறுபடி வேகம் எடுத்தபோது பெடல் உயரம் குறையவே இல்லை. கடைசிச் சுற்றையும் மெதுவாகவே ஓட்டி, இருபது நிமிடமும் முடிந்து வெளியே வந்தேன்.

நிறுத்தியதும் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. சூட்டோடு இழுத்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். கையை எடுத்துவிட்டு கியரில் போட்டேன். அக்கா ஒரு கல்லைத் தேடி வந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் குனிந்து பார்த்தாள்.

"மண்ணு இல்ல. ஆனா நடுவுல ஒரு சுத்து கல்யாண ஊர்வலம் மாரி போனியே, மானம் போச்சு எனக்கு."

"அதாலதான்க்கா மண்ணு இல்ல."

"சரி சரி. அடுத்தது எப்பன்னு பாத்துச் சொல்லு. திங்கக்கெழம எனக்கு வண்டி வேணும், அது மட்டும் ஞாபகம் வச்சிக்கோ."

திரும்பும்போது அவள் ஓட்டினாள். ஊருக்குள் நுழைந்து முதல் குறுக்குத்தெரு வருவதற்குள் அவள் கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன்.

"என்னடா பாக்கற? ஸ்கூட்டி வருது."

வந்தது.