உயிரோடு இருந்தவர் படத்துக்கு வைத்த பொட்டு

எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் வந்துவிட்டது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தேன். லாரியிலிருந்து விழுந்து வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து கிடந்ததால், என் வேலையில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. வேலை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளர்.

வகுப்புச் சுவரில் தலைவர்கள் படம் வரிசையாக இருக்கும். யாராவது தவறிவிட்டால் அவர் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுவது என் வேலை. உயிரோடு இருப்பவர் படத்தைத் துடைப்பதோடு சரி. அந்த வருஷம் முதலில் ஒரு பெரியவர் போனார், அவருக்குப் போட்டேன். பிறகு செயலாளரின் கட்சித் தலைவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இன்றைக்கோ நாளைக்கோ என்று ஊரே பயந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரோட்டில் பஸ் நின்றுபோனது. கடைகளைச் சாத்தினார்கள். சின்ன வாத்தியார் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பினார். தவறியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆண்களிடம் வாய்திறந்து கேட்டுப் பழக்கமில்லை. படுத்திருந்தவர்தான் போய்விட்டார் என்று நினைத்து, பெஞ்சில் ஏறி அவருக்குப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, விளக்கும் ஏற்றினேன்.

நாமக்கல் போயிருந்த பெரிய வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"ஏனுங்கம்மா, போனது இவரில்லீங்க. வடக்க இருந்த தலைவரு, பக்கத்துப் படம். இரங்கல் கூட்டத்துக்குச் செயலாளர் ஆளுகளோட வந்துட்டிருக்காருங்க."

மாலையை எடுத்துப் பக்கத்துப் படத்துக்கு மாட்டினேன். விளக்கையும் அங்கே நகர்த்தினேன். முந்தானையை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் வந்தது, சந்தனம் கண்ணாடியில் பட்டையாக இழுத்துக்கொண்டது. மறுபடி துடைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

செயலாளர் மாலை போட்ட படத்தைக் கும்பிட்டார். அப்புறம் தன் தலைவர் படத்துக்கு முன்னால் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"இதென்னங்க்கா, இவருக்கு எதுக்குச் சந்தனம்?"

பெரிய வாத்தியார் தரையைப் பார்த்தார். வேலை போனதென்றே நினைத்தேன். என் வாய் தானாகச் சொன்னது.

"நைனாமலைக் கோயில் சந்தனமுங்க. சொகமாகோணும்னு வேண்டி வெச்சனுங்க."

செயலாளர் என் ஈர முந்தானையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் விரலைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"தொடைக்காதீங்க்கா. அவரு திரும்பி வார வரைக்கும் தெனமும் வெய்யுங்க."

தினமும் வைத்தேன். உயிரோடு இருப்பவர் நெற்றியில் வைக்கிறோமே என்று ஒவ்வொரு நாளும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அவர் பிழைத்து வந்தபோது, என் வேண்டுதல்தான் என்று செயலாளர் ஊரெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சில வருஷம் கழித்து அந்தத் தலைவர் நிஜமாகவே போனார். செயலாளர் மாலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நீங்களே போடுங்க்கா என்று அழுதார். பொட்டு வைக்க மட்டும் எனக்குக் கை எழவில்லை. பெரிய வாத்தியார்தான் வைத்தார்.

முதலில் மாலை போட்ட அந்தப் பெரியவரும் வடக்கே இருந்தவரும் ஒரே வருஷத்தில்தான் போனார்களா, நான்தான் சேர்த்துச் சொல்கிறேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பழைய பேப்பர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் நல்லது.