தம்பி தூங்கும் நேரத்துக்கு முழு வேகம்

விசிலக்காவுக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள்; குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. அந்த வாயிலிருந்து ஒரே ஒருவனுக்கு மட்டும் வருஷக்கணக்காக ஒரு சொல் போகவில்லை. அவன் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் குடியிருந்தான். கூடப் பிறந்த தம்பி.

என்ன பெரிய சண்டை? அப்பா போனபின் இடத்தைப் பிரித்தார்கள். வீடு தம்பிக்கு, நீச்சல்குளமும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும் அக்காவுக்கு. குளத்தை மூடிவிட்டு நாலு வீடு கட்டி வாடகைக்கு விடலாமே என்று தம்பி யோசனை சொன்னான். முடியாது என்றாள். "தண்ணியில குதிக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டான். அந்தப் பிழைப்பில்தான் அவள் அவனைப் படிக்கவைத்திருந்தாள். அவனாக வாசலுக்கு வந்து "அக்கா" என்று கூப்பிட்டால் பேசுவது, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அவன் வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தம்பிக்கு ரொட்டி பேக்டரியில் ராத்திரி ஷிப்ட். விடிந்த பிறகு வந்து படுப்பான். படுக்கையறை ஜன்னல் மதிலை ஒட்டி. மதிலுக்கு இந்தப் பக்கம் குளத்துப் பம்பு. பழைய மோட்டாருக்கு ஒரே வேகம்தான், ஓட ஆரம்பித்தால் ஊரைக் கூட்டும். தம்பி பெண்டாட்டி ஸ்டூல் போட்டு ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணி, அவர் கண்ணு செவந்து கெடக்கு. சாயங்காலமா ஓட்டக்கூடாதா?"

"மோட்டார்னா சத்தம் வரத்தான் செய்யும். தாலாட்டா பாடும்? தண்ணி பச்சையாப் போச்சுன்னா உன் புருஷனா வந்து கழுவுவான்?"

"கொஞ்சம் மனசு வைங்க அண்ணி."

"ஏன், கேக்க அவனுக்கு வாயில்லையா?"

தலை கீழே இறங்கிவிட்டது. அவன் வரவில்லை. திமிரைப் பார் என்று விசிலக்கா பல்லைக் கடித்தாள்.

பிறகு ஒருநாள் அந்த மோட்டார் புகைந்து நின்றுபோனது. மெக்கானிக் புதுசு கொண்டுவந்து மாட்டினார். அதன் தலையில் சின்னத் திரையும் நாலு பொத்தானும் இருந்தன.

"டீச்சர், இது பழசு மாதிரி இல்ல. என்ன வேகம், எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிக்கணும், எல்லாம் நீங்கதான் சொல்லணும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்துக்கு மேல பறக்கவிட்டா கரன்ட்டை அப்படியே குடிக்கும். பாதி வேகத்துல விட்டா எட்டுல ஒரு பங்குதான் இழுக்கும். மெதுவா ரொம்ப நேரம் ஓடட்டும். அடியில இருக்கற மண்ணை உறிஞ்சும்போது மட்டும் கூட்டுங்க."

"மெதுவா ஓடினா தண்ணி சுத்தமாகுமா?"

"நிதானமாப் போனாத்தான் வடிகட்டியில அழுக்கு நிக்கும். அள்ளி அள்ளி முழுங்கினா உங்களுக்குச் செரிக்குமா?"

காலையிலிருந்து சாயங்கால வகுப்பு முடியும்வரை பாதி வேகம் என்று அவரே வைத்துவிட்டுப் போனார். ஓடுகிறதா என்று பம்பின்மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் அவளுக்கே நம்பிக்கை வந்தது. நாலே நாளில் ஆழப்பக்கத்துத் தரையில் கல்லும் கல்லும் சேரும் கோடு தெரிந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் பாராட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நாலாம் நாள் காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து அந்தக் குறட்டை கேட்கும்வரை.

அப்படியே அப்பாவின் குறட்டை. கையில் வலைக்கம்போடு நின்று கேட்டாள். ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. அடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது. நிம்மதியாகத் தூங்குகிறானா! சத்தம் நின்றதே, என்ன ஏது என்று எட்டிப் பார்த்தானா? ஒரு நல்ல வார்த்தை சொல்ல வந்தானா? இவனுக்கு எதற்குத் தாலாட்டு? இரண்டே எட்டில் பம்புக்குப் போய்ப் பொத்தான்களை அழுத்தினாள். அவன் படுக்கும் நேரத்திலிருந்து எழும் நேரம்வரை மூவாயிரம். மீதி நேரம் நிறுத்தம்.

பிள்ளைகள் குதிக்கும் சாயங்காலத்தில் பம்பு சும்மா கிடந்தது. தண்ணீர் கலங்கியது. ஒரு பையனுக்குக் கண் எரிச்சல். அவன் அம்மா வந்து சத்தம் போட்டாள். விசிலக்கா மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் திரையைப் பார்த்தார்.

"யாரு இப்படி வெச்சது? குளம் காலியாக் கெடக்கற நேரத்துல மூவாயிரம், பசங்க குதிக்கற நேரத்துல சைபரா?"

"நான்தான். என் பம்பு, என் இஷ்டம்."

அவர் மதிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகணும். அப்படித்தானே டீச்சர்? நடத்துங்க."

"வேலை முடிஞ்சா கெளம்பறது!" என்று சீறினாள்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் ஓட்டம் கொடுத்தாள். காலை வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. இந்தத் தடவை மதிலுக்கு மேலே எந்தத் தலையும் வரவில்லை. இன்னும் உறைக்கவில்லை போலிருக்கிறது என்று, மூவாயிரத்தையும் தாண்டி முழு வேகத்துக்குக் கூட்டிவிட்டாள்.

பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் ராத்திரி திரும்பிய மறுநாள் காலை, பம்பு ஓடிக்கொண்டிருந்தபோது, வாசலில் குரல் கேட்டது.

"அக்கா."

ஓடிப்போய்க் கதவைத் திறக்க நினைத்த காலை அடக்கி, மெதுவாக நடந்து போனாள். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு.

"என்னடா, வழி தெரிஞ்சுதா?"

"வீட்டை வித்துட்டேன். பேக்டரி பக்கத்துலயே வாடகைக்குப் பாத்தாச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வித்துட்டியா! சத்தம் தாங்கலைன்னா வந்து கேட்டிருக்கணும்டா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குறைச்சிருக்க மாட்டேனா?"

"கேக்காமயே நாலு நாள் குறைச்சியேக்கா." குரலை உயர்த்தவில்லை அவன். "பழைய மோட்டார் கத்தினப்பல்லாம், அதுக்கு அந்த ஒரு வேகம்தான், அக்கா என்ன பண்ணும்னு உனக்காக வீட்டுல சண்டை போட்டேன். புதுசு வந்துச்சு. நாலு நாள் நல்லாத் தூங்கினேன். நமக்காகத்தான் குறைச்சிருக்கா, லீவு அன்னிக்குப் போய்ப் பேசிடணும்னு இருந்தேன். அதுக்குள்ள ஆரம்பிச்சுட்ட."

அவள் மதில் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

"சாமான் நேத்தே போயிடுச்சு. நீ ஊர்ல இல்ல. அந்த ரூம் காலி." பம்பின் பக்கம் தலையை ஆட்டினான். "இப்ப ஓடுதே, இது யாருக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். தம்பி என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எவ்வளவு தூரம் போனாலும் எட்டும் தொண்டை அது. தெருமுனைவரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவன் திரும்பிப் பார்க்கட்டும் என்று நின்றாள்.