மேருவில் மழைக்கு வெட்டிய வழி

காலை 7.20. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருந்த விடுதிக்குக் கீழேயே ஒரு சாப்பாட்டுக் கடை. இரண்டு தோசையும், இங்கே ‘தே தாரிக்’ என்று சொல்லும் நுரை பொங்க ஆற்றிய ஒரு தேநீரும் ஏழு ரிங்கிட். உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் வந்திருந்தேன். கல்யாணம் முடிந்து ஒரு நாள் கையில் மீதமிருந்தது. இரட்டைக் கோபுரம் பார்க்கலாம் என்றார்கள். மேருவுக்குப் போகிறேன் என்றதும் சிரித்தார்கள். கிள்ளான் நகருக்கு வடக்கே இருக்கும் தொழிற்பேட்டைப் பகுதி அது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமிதான் காரணம். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் கணக்கு எழுதுகிறவள், நாற்பது வயதிருக்கும். சாப்பாடு முடிவதற்குள் கைப்பேசியில் ஒரு வாய்க்காலின் படங்களை மட்டும் முப்பது காட்டிவிட்டாள். வெள்ளம் மூழ்கடித்த குடியிருப்பில் அவளும் அண்டை வீட்டாரும் வெட்டியது. நான் சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூர்க்காரி. வெள்ளம் என்றால் காது தானாக நிமிரும்.

8.15. சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில். கிள்ளானுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு உள்ளேதான் கட்டணம், ஒரு மணி நேரப் பயணம். பெட்டிக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று நிலையங்கள் நகர நகர, அடுக்குமாடிகள் குறைந்து கிடங்குகள் தெரிந்தன.

9.30. கிள்ளான் நிலையத்திலிருந்து மேரு பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வாடகைக் காருக்குப் பதினாறு ரிங்கிட். ஓட்டுநர் தமிழர்.

“மேருல எங்கக்கா? ஃபேக்டரியா?”

நான் இடத்தைச் சொன்னேன்.

“அந்தத் தாமானா! வெள்ளத்துல அங்க கார் கூரதான் தெரிஞ்சிச்சு. அந்தப் பக்கம் வீடு வாங்காதடான்னு என் தம்பிகிட்ட சொன்னேன். இப்ப போனா வாழக்கொல தொங்குது லா.”

தாமான் என்றால் குடியிருப்பு. இரண்டு வரிசை வீடுகள், முதுகோடு முதுகாக. முன்வரிசை ஒற்றை மாடி, பின்வரிசை இரட்டை மாடி. முன்வரிசைக்கு எதிரே, கொஞ்சம் உயரத்தில், லாரிகள் ஓடும் தொழிற்பேட்டைச் சாலை. சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவே நீளமாக ஒரு புல்தரை. மழைநீர் சாலையிலிருந்து இறங்கி நேராக வீட்டு வாசலுக்கு வரும். அந்தப் புல்தரையில்தான் வாய்க்காலை வெட்டியிருந்தார்கள்.

லெட்சுமி என்னை அதன் ஓரமாக நடத்திக்கொண்டே சொன்னாள்.

“பெர்மாகல்ச்சர்னு ரெண்டு வாரம் கோர்ஸ் படிச்சேன்கா, சும்மா ஆசைக்கு. நெலம், தண்ணி, செடி, மனுசன், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒதவுற மாதிரி எப்படி அமைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அது வெள்ளத்துலதான் ஒதவுச்சு.”

வெள்ளம் தேங்கி நின்ற நான்கு நாட்களும் கழிப்பறை வேலை செய்யவில்லை. பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயந்தார்கள். லெட்சுமி இடுப்பளவு நீரில் நடந்து மேட்டிலிருந்த மரச்சாமான் பட்டறைக்குப் போய், மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கி வந்தாள். வாளி, அதன்மேல் பலகை, ஒவ்வொரு முறையும் இரண்டு கை மரத்தூள். நாற்றமில்லை, ஈயில்லை. தண்ணீர் வடிந்ததும் அதையெல்லாம் தனியே மக்கவைத்து, ஒரு வருடம் கழித்து மரங்களுக்கு மட்டும் போட்டார்கள்.

“ஒதவி லோரி வந்துச்சு, மெத்த, போர்வ குடுத்தாங்க, போயிட்டாங்க. நல்லதுதான். ஆனா அடுத்த மழ வரும்ல? அப்பதான் எல்லாரையும் கூப்ட்டேன்.”

மூன்று குச்சிகளை ஆங்கில ‘A’ எழுத்துப்போலக் கட்டி, நடுவே கல் தொங்கவிட்ட மட்டக்கோலால் தரையின் சம உயரத்தை அளந்திருக்கிறார்கள். அந்தக் கோட்டிலேயே வாய்க்கால். தண்ணீர் அதில் ஓடாது. பரவி நின்று மண்ணுக்குள் இறங்கும். தோண்டிய மண் கீழ்ப்பக்கம் வரப்பாகி, வரப்பை வெட்டிவேர் இறுகப் பிடித்திருந்தது. வலது கோடியில், விளையாட்டுத் திடலுக்கு முன்னால், ஒரு பெரிய காய்கறிப் பாத்தியும் ஏழெட்டு வாழையும்.

பிற்பகல் 1.00. அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா ஆன்டி வீட்டில் சாப்பாடு. அறுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். வாழைப்பூ வறுவலும் கீரையும் பாத்தியில் பறித்தவை. “வெள்ளத்துல எனக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சல. மொதல்ல திரும்பி வந்தது இந்தக் கீரதான்” என்றார்.

2.40. வானம் இருண்டு, கொட்டத் தொடங்கியது. வாசலில் நின்று பார்த்தோம். சாலையிலிருந்து செந்நீர் இறங்கியது. வாய்க்காலில் விழுந்ததும் வேகம் தணிந்து, இரு பக்கமும் பரவி, அப்படியே நின்றது. எங்கள் வாசலில் சொட்டு நீர் இல்லை. நான் கைதட்டினேன். லெட்சுமி வெட்கப்பட்டாள்.

அரை மணி நேரத்தில் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு வந்தார். பின்வரிசையில் இருக்கும் காதர் பாய். கிள்ளானில் துணி வியாபாரம்.

“ஏம்மா லெட்சுமி, ஒங்க தண்ணி எங்க வீட்டுக்கு வந்திடுச்சு.”

கோபமே இல்லாத குரல். அவருடன் போனோம். நிரம்பிய வாய்க்கால் இடது கோடியில் வழிந்து, வீட்டு வரிசையின் மூலையைச் சுற்றி, இரண்டு வரிசைக்கும் நடுவிலிருந்த பின்சந்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் சமையலறையில் கணுக்கால் அளவு. துணி மூட்டைகளை மேசைமேல் ஏற்றியிருந்தார்.

“இது மூணாவது தடவ. லோங்காங் அடச்சிருக்குன்னு நெனச்சேன். இன்னிக்குக் கொடய எடுத்துக்கிட்டுத் தண்ணி பின்னாலேயே நடந்து வந்தேன்” என்றார். லோங்காங் என்றால் சாக்கடை.

லெட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. “என் தப்பு பாய். நெறஞ்சா எங்க வழியணும்னு மொதல்ல பாக்கணும். அதத்தான் கோர்ஸ்ல மொத நாள் சொன்னாங்க. வலது பக்கம் பாத்தி இருக்குன்னு, இந்தப் பக்கம் விட்டுட்டேன். பின்னால யாரு இருக்காங்கன்னு பாக்கல.”

வலது பக்கம் வெட்டினால் நீர் திடலுக்குப் போகும். அதற்குப் பாத்தியின் நடுவே வழி வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை. சரோஜா ஆன்டியின் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆன்டி தன் வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார்.

“ஆன்டி, மழ விடட்டும். அதோட வாழக்கொல இன்னும் முத்தல” என்றாள் லெட்சுமி.

“வெள்ளத்துல நாலு நாளு இவரு வீட்டு மேல்மாடியிலதான் படுத்தேன். இவரு கட்டில எனக்குக் குடுத்துட்டு மாடிப்படியில தூங்கினாரு. கொல என்ன கொல.”

பாத்தியில் முதல் வெட்டை ஆன்டியே வெட்டினார். காதர் பாய் குடையை எறிந்துவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். லெட்சுமியும் நானும் மணல் சாக்குகளை இழுத்துப் போய் இடது கோடியை அடைத்தோம். மூன்று வாழைகள் சாய்ந்தன. கீரை வரிசை முழுக்கப் போனது. நாலரை மணிக்கு வாய்க்கால் நீர் வலது பக்கம் திரும்பி, ஆளற்ற திடலில் தகடுபோல விரிந்தது. பின்சந்தில் ஓட்டம் மெலிந்து, நின்றது.

காதர் பாய் வீட்டைக் கழுவித் துடைத்தோம். திடல் பொதுநிலம், திங்கட்கிழமை நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று லெட்சுமி குறித்துக்கொண்டாள். புதிய வழியில் கல் பதித்து, இரு கரையிலும் வெட்டிவேர் நடவேண்டும். அந்த வேலைக்குப் பின்வரிசைக்காரர்களையும் கூப்பிடப்போகிறாள்.

6.10. திரும்பும் ரயில். ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் முடிச்சூர் வீட்டு வாசலை இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டட இடிபாடு கொட்டி மூன்றடி உயர்த்தினோம், சுற்றிலும் மதில் எழுப்பினோம். அதன்பிறகு எங்களுக்கு வெள்ளம் இல்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு வசந்தா வீடு பழைய மட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து யாரும் குடை பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் போய்க் கேட்டதில்லை.

சுபாங் ஜெயா வருவதற்குள் வசந்தாவை அழைத்தேன். நலம் விசாரித்தாள், கல்யாணச் சாப்பாடு பற்றிக் கேட்டாள். நான் நேராகக் கேட்டேன்: “மழ பேஞ்சா உங்க வீட்டுல தண்ணி எங்க நிக்குது வசந்தா?”

“அடுப்படியிலக்கா” என்றாள். “ரெண்டு வருசமா.”