கிணற்றுக்கட்டில் இருந்த எழுத்து

வாகனம் ஓடாத பாதை வேண்டும் என்றுதான் வெள்ளைக்காரர் கேட்பார்கள். காடு இருக்க வேண்டும், குளம் இருக்க வேண்டும், ஹோர்ன் சத்தம் காதில் விழக்கூடாது. அவர்களுடைய சைக்கிளுக்குத் தடித்த ரயர். தார் ரோட்டில் ஓடினால் அதற்கு மரியாதை இல்லையாம், செம்மண் கிறவலில்தான் ஓட வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் கிறவலுக்கா பஞ்சம்? தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள், தார் மட்டும் வராது. நாங்கள் வாழ்நாள் முழுக்கச் சபித்த ரோட்டில் ஓடுவதற்கு ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதுவே என் பிழைப்பாயிற்று.

திருகோணமலைக் கடற்கரையில் ஒரு விடுதி. அங்கே சைக்கிள் திருத்துகிறவனாகச் சேர்ந்து, வழிகாட்டியாக மாறினேன். கப்பல்துறைப் பக்கத்தில் கண்டி ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால், கந்தளாய்க் குளக்கட்டு வரைக்கும் காட்டுப் பாதையாலேயே போய்ச் சேரலாம். இடையில் சின்னச் சின்னக் குளங்கள். தண்ணீருக்குள் செத்து நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு காய விட்டிருக்கும். பாலை மரமும் வீரை மரமும் இரண்டு பக்கமும் நிழல் தரும். ரயருக்குக் கீழே கிறவல் நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. வருகிறவர்கள் அடிக்கொரு தரம் நிறுத்தி, என்ன அமைதி, என்ன அமைதி என்பார்கள். வாகனம் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ரோட்டைப் பாவித்த ஊர் இப்போது இல்லை, அதனால்தான் வாகனம் இல்லை. அது எங்கள் ஊர். எனக்கு ஏழு வயதும் அக்காவுக்குப் பதினான்கு வயதுமாக இருந்தபோது, உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தோம். சண்டை முடிந்து திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்தபோது, வீடு நின்ற இடத்தில் மரம் நின்றது. மரம் நின்ற இடமெல்லாம் அரச காடு என்று எல்லைக்கல்லும் நாட்டியாயிற்று. விடுதிக்காரர் அனுமதி எடுத்திருந்தபடியால் சைக்கிளோடு நான் உள்ளே போகலாம். அக்கா விறகு பொறுக்கப் போனாலும் குற்றம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன காணி போனதுதான் என்று மனத்தைக் கல்லாக்கிவிட்டிருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு நின்ற எங்கள் வளவில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் வெளிக்கிடுவதற்கு முந்திய வருடம் அப்பா அதற்குச் சுற்றிவரக் கட்டுக் கட்டினார். எங்கள் பக்கத்தில் கிணறு கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, ஈரச் சீமெந்தில் ஆணியால் ஆண்டை எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதினார். அதற்குக் கீழே அக்காவின் எழுத்து, என் எழுத்து. அக்கா வாய்க்காலில் இருந்து மணல் சுமந்தவள் என்பதால் அவளுடையதைக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

முதல் முறை கூட்டிப்போனவர்களுக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். கிணற்றடியில் தண்ணீர் குடிக்க நிறுத்தி, இது எங்கள் வளவு, இங்கே அடுப்போடு குசினி இருந்தது, அங்கே மாட்டுப்பட்டி இருந்தது என்று கை நீட்டிக் காட்டினேன். அவர்களுடைய முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு ஒருவரும் பறவை பார்க்கவில்லை, படம் எடுக்கவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"காடு பாக்க வாற சனத்துக்கு ஏன் இடம்பெயர்ந்த கதை? செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்குதாம். நீங்கள் பாதையைக் காட்டுங்கோ, அது காணும்."

அடுத்த தரம் வந்தவர்களில் ஒருவர், இந்தக் கிணறு எவ்வளவு பழையது என்று கேட்டார். ராசா காலத்துக் கிணறு என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. கேட்டவர்களுக்குப் பெரிய சந்தோசம். கோயில் கல்லைத் தொடுவதுபோல அப்பாவின் சீமெந்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் விடுதியின் இணையப் பக்கத்தில் என்னைப் புகழ்ந்து எழுதினார்கள், முகாமையாளரும் தோளில் தட்டினார். அதன் பிறகு ராசா நிரந்தரமாக அங்கேயே தங்கிவிட்டார். நான் அவருக்கு ஒரு ராணியையும் குளிக்க இறக்கினேன்.

ஒரு நாள் கெட்டிக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். கொடியை விலக்கி, ஆண்டைப் படித்து, உங்கள் ராசா என்னைவிட இளையவர் போலிருக்கிறதே என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். பிற்காலத்தில் யாரோ திருத்திக் கட்டியது என்று சமாளித்தேன். வழி முழுக்க எனக்கு முகம் எரிந்தது. அடுத்த நாள் விடிய, சவாரி இல்லாத நாளில், உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பத்து நிமிட வேலை. ஆண்டு போனது, அப்பா போனார், அக்கா போனாள், கடைசியாக என்னையும் கொத்தினேன். சேற்றை அள்ளிப் பூசி, கொடியை இழுத்து மூடிவிட்டு வந்து, தேத்தண்ணீர் குடித்தேன். அப்போது ஒரு சொட்டுக் கவலையும் இருக்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

இரண்டு மழைக்காலம் போய், காட்டுக்குள் அகப்பட்ட காணிகளை மீண்டும் விசாரிக்கப் போகிறார்கள் என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. ஆதாரம் உள்ளவர்கள் காட்டலாம். எங்கள் காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது, சாட்சி சொல்ல அப்பாவும் இல்லை. அக்கா கப்பல்துறையில் இன்னொருவர் வளவில் தகரக் கொட்டிலில் இருப்பவள். அத்தான் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வளவு காட்டாமல் கலியாணப் பேச்சு ஒரு அடி நகராது. மூத்தவளுக்கு வந்த இரண்டு பேச்சும் அந்த இடத்திலேயே நின்றுபோயின. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"தம்பி, உறுதி இல்லாட்டி என்ன? கிணத்துக்கட்டில அப்பா எழுதினது இருக்கு. ஆண்டு இருக்கு, அவற்ற எழுத்து இருக்கு, என்ர எழுத்தும் இருக்கு. இதைவிட என்ன வேணும் அவைக்கு?"

நான் கடிதத்தை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "அந்தக் காட்டுக்குள்ள போய் என்ன செய்யப் போறியள், அக்கா? பேசாம விடுங்கோ."

"காடு எண்டு நீயும் சொல்லாத," என்றாள்.

சொல்வதற்கு எனக்கு மூன்று கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். போகும்போதெல்லாம் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். கிணற்றுக்கு வடக்கே மூத்தவளுக்கு, தெற்கே இளையவளுக்கு. முன்னால் தோடை மரம் வைக்க வேண்டும். காணிக் கந்தோரில் விண்ணப்பப் பாரம் நிரப்பியபோது, ஆதாரம் என்ற இடத்தில் கிணற்றுக்கட்டின் எழுத்து என்று அவளே சொல்லி எழுதுவித்தாள். அவள் கைநாட்டு வைக்கிறவள் அல்ல, பதினான்கு வயது வரைக்கும் படித்தவள். நிமிர்ந்து இருந்து கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

இடம் பார்க்க வந்த அதிகாரி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பார். அவர் தமிழில் பொறுமையாகக் கதைத்தார். ஜீப்பில் அக்காவை முன்னுக்கு ஏற்றினார். நான் சைக்கிளில் பின்னால் போனேன், எல்லாத் தூசியும் என் வாய்க்குள். கிணற்றடியில் இறங்கியதும் அக்கா செருப்பைக் கழற்றினாள். முப்பது வருடங்களுக்கு மேல் பார்க்காத வளவில், வழி கேட்காமல் நேரே நடந்து போய், கொடியை இரண்டு கையாலும் பிய்த்தாள்.

"இங்கதான், சேர். இந்தப் பக்கம்தான்."

மழை நான் பூசிய சேற்றைக் கழுவிவிட்டிருந்தது. அவள் விரல் கட்டின்மேல் ஊர்ந்து போய், பள்ளத்தில் விழுந்து நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். கிணற்றை ஒரு தரம் முழுதாகச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார்.

"அம்மா, இதில ஆரோ கொத்தியிருக்கினம் போல கிடக்கு. எழுத்து இருந்ததெண்டு நான் அறிக்கையில எழுத ஏலாது. குறை நினைக்காதைங்கோ."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கிழமைக்கு ரெண்டு தரம் இதால வாறனி. ஒருநாளும் காணேல்லையோ?"

அந்த இடத்திலாவது நான் மனிதனாக நடந்திருக்கலாம். என்னுடைய காரணம் கேவலமானதுதான், ஆனாலும் சொன்னால் அதிகாரி ஒரு வரியாவது எழுதியிருப்பார், கொத்தியவனே சாட்சி என்று. வழக்கு வரும், வேலை போகும் என்று அந்தக் கணத்திலும் கணக்குப் பார்த்தேன்.

"யானை உரஞ்சியிருக்கும், அக்கா," என்றேன்.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். உளி விழுந்த கோடுகள் ஒவ்வொன்றும் நேராக நின்றன. பிறகு என் கையைப் பார்த்தாள்.

"யானைக்கு வாசிக்கத் தெரியுமோ, தம்பி? மற்ற இடமெல்லாம் விட்டுட்டு எழுத்தை மட்டும் உரஞ்சியிருக்கு."

அதிகாரி, பகிடி என்று நினைத்து, மெல்லச் சிரித்துவிட்டுக் கடதாசிக் கோவையை மூடினார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஆதாரம் போதாது என்ற கடிதம் மாதம் முடிவதற்கு முன்பே வந்தது.

அதைக் கேள்விப்பட்டு அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், இந்த முறை உண்மையாகவே. என்னைக் கண்டதும் அவள் ஏசவில்லை, அழவில்லை. உள்ளே போய் இருக்கும் ஒரே கதிரையைத் தூக்கிவந்து, முந்தானையால் துடைத்து, வாசலுக்கு வெளியே போட்டாள். வழமையாக நான் நேரே குசினிக்குள் போய்ப் பலகையில் குந்துகிறவன்.

"இருங்கோ," என்றாள். "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"