சாராள் குடித்த கிண்ணம்

ஐம்பதுகளில், திண்டுக்கல் ஊருக்கு வெளியே, எங்கள் சபை ஒரு தோல் கிடங்கில்தான் பிறந்தது. ஆராதனை நடத்த அதைச் சும்மா தந்தவர் தோல் வியாபாரி பாய்.

முதல் திருவிருந்தில் போதகர் ஐயர் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி வரிசையாகக் கொடுத்து வந்தார். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் தோல் கழுவும் சாராள் குடித்தாள். சபை மூப்பரான என் அண்ணன் பாய்ந்து வந்தார்.

“அவ வாய் வச்சதுல நாங்க குடிக்கணுமா?”

கிண்ணத்தைப் பிடுங்கி அவள் முகத்திலேயே எறிந்தார். நெற்றி பிளந்தது. அவள் புருஷன் பெஞ்சைத் தூக்கி அண்ணனின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜெபிக்க வந்த ஆண்கள் ஒருவரையொருவர் மிதித்தார்கள்.

ஓடிவந்து விலக்கிவிட்ட பாய், தன் துண்டைச் சாராளின் தலையில் கட்டினார்.

“ஜெபம் பண்ணத்தானய்யா சாவியக் குடுத்தேன்?”

சாராள்தான் நசுங்கிய கிண்ணத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஐயரிடம் நீட்டினாள்.

“இன்னும் குடிக்காதவுக இருக்காகல்ல, ஐயா. ஊத்துங்க.”

அடுத்த ஆள் நான். துடைத்தும் விளிம்பில் ரத்தம் இருந்தது. குடித்தேன்.

இப்போது எங்களுக்குக் கல்லால் கட்டிய கோயில் இருக்கிறது. திருவிருந்தில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் தருகிறார்கள். சுத்தத்துக்காகவாம். அன்று என் அண்ணன் கேட்டதும் இதைத்தான்.