எங்க வீட்டு வாகு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எதைத் தின்றாலும் சதை பிடிக்காத என் மகனைக் கூட்டிக்கொண்டு விமான் நகரில் ஒரு குழந்தை டாக்டரிடம் போவேன். அங்கே காத்திருக்கும்போது ஒருவரை மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. நாற்காலியில் அடங்காத உடம்பு. பக்கத்தில் அவரை அப்படியே உரித்து வைத்த மாதிரி எட்டு வயது மகள்.

அந்த டாக்டர் பெற்றோரையும் எடை பார்க்கச் சொல்வார். மெஷினில் ஏறும் முன் இவர் வாட்ச், பெல்ட், சாவி, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து மகள் கையில் கொடுப்பார். அந்த அளவுக்காவது குறையட்டும் என்று.

"எங்க வீட்டு வாகுங்க இது," என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டே. "எங்கப்பாரு, அண்ணன் எல்லாருமே இப்படித்தானுங்க."

"ஊர்ல இருக்காங்களா?" சும்மாதான் கேட்டேன்.

"இல்லீங்க. அப்பா நாப்பத்தஞ்சுல போயிட்டாருங்க, ஹார்ட்டு. அண்ணனும் அதே..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பல பேரிடம் சொல்லியிருப்பார். அன்றைக்குத்தான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

நர்ஸ் மராத்தியில் மகளைக் கூப்பிட்டாள். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தை வளையலையும் கொலுசையும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தது.

"பத்திரம்ப்பா," என்றது.

நர்ஸ் படித்த எண் எனக்கு நினைவில்லை. மெஷின் பக்கமே திரும்பாமல், மூடிய தன் கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.